சொந்தமாகப் பூட்டும் கணினிக்குச் சிக்கனமான குளிரூட்டல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசைக் கணினியைப் பாகம் பாகமாக வாங்கித் தாமே பூட்ட நினைக்கும் நண்பர்களும் அவர்கள் அனுப்பிவைத்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கூடியவரை கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். என்னுடைய சாய்வை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை: பெரும்பாலானவர்கள் கூலருக்கு (பிராசசர் என்னும் முதன்மைச் சில்லைக் குளிர்விக்கும் பாகம்) அதிகமாகவும் கேபினட்டின் (கணினியின் வெளிப்பெட்டி) காற்றோட்டத்துக்குக் குறைவாகவும் செலவழிக்கிறார்கள் என்பது என் கருத்து. விடைகளை அதை மனத்தில் வைத்தே படியுங்கள்.

கணினிக்குள் அவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது? ஒரு விசிறியை வைத்து ஊதினால் போதாதா?

பிராசசர் இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. 100 வாட் இழுக்கும் பிராசசரைப் போலவே 100 வாட் குண்டு பல்பும் ஏறக்குறைய அதே அளவு வெப்பத்தை வெளிவிடுகிறது என்றாலும், அந்த வெப்பம் பரவுவதற்குக் கண்ணாடிக் குமிழ் முழுவதும் இடமிருக்கிறது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசைப் பிராசசரில் கோர்கள் (கணக்கிடும் அலகுகள்) அடங்கிய சிலிக்கான் துண்டின் பரப்போ சுமார் 70 சதுர மி.மீ. மட்டுமே, சுண்டுவிரல் நகத்தை நினைத்துக்கொள்ளலாம். அந்தச் சிறிய இடத்தின் மேல் நேரடியாக எவ்வளவு ஊதினாலும் காற்றால் வெப்பத்தை வேண்டிய வேகத்தில் அள்ளிச் செல்ல முடியாது.

அதனால்தான் வெப்பத்தை முதலில் பெரிய பரப்புக்குப் பரப்ப வேண்டியிருக்கிறது. சிலிக்கானிலிருந்து பிராசசரின் உலோக மூடி, அங்கிருந்து தெர்மல் பேஸ்ட் (இடுக்குகளை நிரப்பி வெப்பத்தைக் கடத்தும் பசை), கூலரின் அடித்தகடு, ஹீட் பைப், மெல்லிய அலுமினியத் தகடுகள், காற்று என்று வெப்பம் கைமாறிக்கொண்டே போகிறது. ஹீட் பைப் என்பது காற்று நீக்கப்பட்டு, சிறிதளவு தண்ணீர் அடைக்கப்பட்ட செம்புக் குழாய். சூடான முனையில் தண்ணீர் ஆவியாகி, குளிர்ந்த முனையில் மீண்டும் நீராகி, உட்சுவரில் இருக்கும் நுண்துளைப் படலத்தின் வழியே திரும்பி வருகிறது. இந்தப் பயணத்தின் கடைசிக் கட்டம், சூடேறிய காற்று கேபினட்டை விட்டு வெளியேறுவது. எல்லோரும் மறந்துபோகும் கட்டமும் அதுதான்.

பிராசசர் பெட்டியோடு வந்த கூலரே போதுமா, தனியாக வாங்கியே ஆக வேண்டுமா?

கூலரோடு விற்கப்படும் பிராசசர்கள் பெரும்பாலும் 65 வாட் வகையைச் சேர்ந்தவை. ரைசன் 5 7600 ஓர் எடுத்துக்காட்டு. இவற்றுக்கு உடன் வரும் கூலர் போதும் என்றே சொல்வேன். எழுத்து வேலை, இணையம், படம் பார்த்தல், விளையாட்டு ஆகியவற்றில் பிராசசர் வேகம் குறையும் அளவுக்குச் சூடாவது அரிது. தொல்லை தருவது சத்தம்தான். சிறிய கூலரின் சிறிய விசிறி வேகமாகச் சுழல வேண்டியிருப்பதால், வீடியோவை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றுவது போன்ற நெடுநேர வேலைகளில் அது இரைந்துகொண்டே இருக்கும்.

ஆகவே முதலில் உடன் வந்ததை மாட்டி ஒரு மாதம் பயன்படுத்திப் பாருங்கள். சத்தம் பொறுக்கவில்லை என்றால் பிறகு வாங்கலாம். இன்டெலில் பெயரின் இறுதியில் 'கே' என்ற எழுத்து வரும் பிராசசர்களுக்கும், 7600எக்ஸ் போன்ற ரைசன் 7000 வரிசையின் 'எக்ஸ்' வகைகளுக்கும் கூலர் உடன் வராது என்பதால் அவற்றை வாங்குகிறவர் கூலருக்கும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

பெட்டியில் 65 வாட் என்றுதான் போட்டிருக்கிறது. அப்படியானால் சூடும் 65 வாட்தானே?

இல்லை. அந்த எண் ஒரு வகைப்பாட்டுக் குறி. மேல் வரம்பு அல்ல. ஏஎம்டி 65 வாட் என்று குறிக்கும் பிராசசர் முழு வேலையில் 88 வாட் வரை இழுக்க அனுமதிக்கப்பட்டிருக்கிறது. 105 வாட் என்றால் 142, 170 வாட் என்றால் 230. இன்டெலில் இடைவெளி இன்னும் பெரியது: ஐ5 12400 இன் அடிப்படை 65 வாட், உச்சம் 117 வாட், ஐ9 13900கே இன் அடிப்படை 125 வாட், உச்சம் 253 வாட். கூலரைத் தேர்ந்தெடுக்க உதவுவது இந்த உச்ச எண்தான்.

கூலர் பெட்டியின் மேல் '200 வாட் தாங்கும்', '250 வாட் தாங்கும்' என்று அச்சிட்டிருப்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த அறை வெப்பத்தில், எந்த விசிறி வேகத்தில் அளந்தார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், ஒரு நிறுவனத்தின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

எத்தனை டிகிரி வரை பயப்படாமல் இருக்கலாம்?

ஒவ்வொரு பிராசசருக்கும் தயாரிப்பாளர் ஓர் உச்ச வெப்பநிலையை வகுத்திருக்கிறார். ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு அது 95 டிகிரி; 7800எக்ஸ்3டி போன்றவற்றுக்கு 89 டிகிரி; இன்டெலின் 12 முதல் 14 வரையிலான தலைமுறைகளில் பொதுவாக 100 டிகிரி. அதைத் தொட்டால் பிராசசர் எரிந்துபோவதில்லை; தானாகவே வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். விளையாடும்போது 60 முதல் 80 டிகிரிக்குள் இருந்தால் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

வேறொருவரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடும்போது அறையின் வெப்பத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். 22 டிகிரி அறையில் 70 காட்டும் கணினியும் 34 டிகிரி அறையில் 82 காட்டும் கணினியும் ஒரே தரத்தில் குளிர்விக்கப்படுகின்றன. இரண்டிலும் வேறுபாடு 48 டிகிரிதான். சும்மா இருக்கும்போது வெப்பநிலை 40க்கும் 60க்கும் இடையே துள்ளுவதும் இயல்பே. ஒரு கோர் அரை விநாடி விழித்தெழுந்தாலே அந்தத் துள்ளல் வரும்.

பட்ஜெட்டுக்குள் எந்த வகைக் காற்றுக் கூலரை வாங்குவது?

பிராசசர் இழுக்கும் உச்சம் 150 வாட்டுக்குள் இருந்தால், 4 ஹீட் பைப்பும் ஒரு 120 மி.மீ. விசிறியும் கொண்ட ஒற்றைக் கோபுரக் கூலர் (தகடுகள் கோபுரம்போல் ஒரே தொகுதியாக நிற்பது) போதும். கூலர் மாஸ்டரின் ஹைப்பர் 212 இந்த வகையில் நெடுங்காலம் பலருடைய முதல் கூலராக இருந்தது. இன்று அதே மட்டத்தில் பல நிறுவனங்கள் போட்டியிடுகின்றன, அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு சில டிகிரிகள்தான். உச்சம் 150க்கு மேல் 230 வரை போகும் என்றால் 6 ஹீட் பைப்பும் 2 விசிறியும் உள்ள இரட்டைக் கோபுரத்தைப் பாருங்கள். தெர்மல்ரைட்டின் பியர்லெஸ் அசாசின் 120 போன்றவை வந்த பிறகு, முன்பு விலையுயர்ந்த கூலர்களிடம் மட்டுமே கிடைத்த குளிர்ச்சி சாதாரண பட்ஜெட்டுக்குள் வந்துவிட்டது.

இரண்டு கூலர்களுக்கு இடையே தடுமாறினால் நான் வண்ண விளக்குகளைப் பார்ப்பதில்லை. பூட்டும் அமைப்பைப் பார்ப்பேன். பிளாஸ்டிக் ஊசிகளை அழுத்திப் பொருத்தும் முறையைவிட, மதர்போர்டின் (பாகங்களை இணைக்கும் முதன்மைப் பலகை) பின்னால் ஒரு தகடு வைத்துத் திருகாணியால் இறுக்கும் முறை மேலானது. அழுத்தம் சீராக இருந்தால்தான் பேஸ்ட் மெல்லியதாகப் பரவும்.

எல்லோரும் தண்ணீர்க் கூலர்தான் நல்லது என்கிறார்களே?

தண்ணீரும் வெப்பத்தை அழித்துவிடுவதில்லை. ரேடியேட்டர் என்னும் தகடுகள் நிறைந்த பாகம் வரை கொண்டுபோய் அங்கே காற்றிடம் ஒப்படைக்கிறது. ஆகவே அதனாலும் அறை வெப்பநிலைக்குக் கீழே இறங்க முடியாது. தண்ணீருக்குச் சூடேற நேரம் பிடிப்பதால் விசிறிகள் அடிக்கடி ஏறி இறங்காமல் இருப்பது உண்மையான நன்மை. கூடவே பம்பு என்னும் தேயும் பாகம் ஒன்றும் வந்து சேர்கிறது. குழாய்களின் வழியே ஆண்டுக்கணக்கில் நீர் சிறிது சிறிதாகக் கசிந்து ஆவியாவதால், அடைக்கப்பட்ட தண்ணீர்க் கூலருக்கு ஆயுள் வரம்பு உண்டு. காற்றுக் கூலரில் பழுதாகக்கூடியது விசிறி ஒன்றே. அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

120 மி.மீ. ரேடியேட்டர் கொண்ட தண்ணீர்க் கூலரைச் சிக்கனம் கருதி வாங்குகிறவர்களைத் தடுப்பதை என் கடமையாகவே வைத்திருக்கிறேன்; நல்ல ஒற்றைக் கோபுரத்தைவிட அது மேலானதாக இருப்பது அரிது. 240 மி.மீ. அளவுதான் இரட்டைக் கோபுரத்தோடு சமமாக நிற்கும். 200 வாட்டைத் தாண்டும் பிராசசருக்கோ, உயரமான கூலர் நுழையாத கேபினட்டுக்கோ தண்ணீர் பொருத்தமானது. அப்படி மாட்டும்போது ரேடியேட்டரை மேற்கூரையில் வையுங்கள். முன்பக்கம் வைப்பதானால் அதன் மேல்முனை பம்பைவிட உயரமாக இருக்க வேண்டும். உள்ளே சேரும் காற்றுக்குமிழ் எப்போதும் மேலேதான் ஏறும், அது பம்பில் போய் நிற்கக் கூடாது.

கேபினட்டில் எத்தனை விசிறி வேண்டும்? ஆறு போட்டால் இரண்டு மடங்கு குளிருமா?

முன்பக்கம் இழுக்க 2, பின்பக்கம் தள்ள 1 என்பதே பெரும்பாலான கணினிகளுக்குப் போதும். நான்காவது விசிறி சில டிகிரிகளைத் தரலாம். அதன் பிறகு சேர்ப்பது கண்ணுக்கு விருந்து. விசிறியின் எண்ணிக்கையைவிடக் கேபினட்டின் முகப்பு முக்கியமானது. முகப்பு முழுவதும் கண்ணாடி, ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி என்றால், அதற்குப் பின்னால் 3 விசிறி வைத்தாலும் அவை காற்றுக்குத் திணறும். ஒரு முறை நண்பர் ஒருவர் கூலரை மாற்ற வேண்டும் என்று கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் முகப்புக் கண்ணாடியைக் கழற்றி ஓரமாக வைத்து விளையாடச் சொன்னேன். புதிய கூலர் செய்திருக்கக்கூடிய வேலையை அதுவே செய்துவிட்டது. அவர் கடைசியில் சல்லடை முகப்புள்ள எளிய கேபினட் ஒன்றைத்தான் வாங்கினார்.

நீங்களும் இதே சோதனையைச் செய்யலாம். பக்கத் தகட்டைத் திறந்துவைத்து அதே வேலையை 15 நிமிடம் ஓட்டுங்கள். வெப்பம் 2, 3 டிகிரி மட்டும் குறைந்தால் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது. 8, 10 டிகிரி குறைந்தால் கூலரைத் தொடாமல் காற்றின் வழியைச் சரிசெய்யுங்கள்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. ஒரே மாதிரியான 2 விசிறிகள் ஒன்றைவிட 3 டெசிபெல் மட்டுமே கூடுதலாக ஒலிக்கும். ஆனால் ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் ஏறக்குறைய 15 டெசிபெல் குறையும். மெதுவாகச் சுழலும் 2 விசிறிகள் வேகமாகச் சுழலும் ஒன்றைவிட அமைதியாக இருப்பதன் காரணம் இதுதான். இழுக்கும் காற்று தள்ளும் காற்றைவிடச் சற்று கூடுதலாக இருக்கட்டும். அப்போதுதான் தூசி வடிகட்டியில்லாத இடுக்குகளின் வழியே உள்ளே நுழையாது.

விசிறியின் எந்தப் பக்கம் காற்றை இழுக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நடுவிலுள்ள மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ அந்தப் பக்கமாகக் காற்று வெளியேறும். ஐயமிருந்தால் ஓடவிட்டு ஒரு மெல்லிய தாளைக் காட்டிப் பாருங்கள்.

3 முள், 4 முள் என்று இரண்டு வகை இருக்கிறதே, மாற்றி மாட்டினால் கெட்டுப்போகுமா?

கெடாது. 3 முள் விசிறியின் வேகம் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதால் மாறுகிறது. 4 முள் விசிறி எப்போதும் 12 வோல்ட் பெற்றுக்கொண்டு, நான்காவது கம்பியில் வரும் கட்டளைப்படி வேகத்தை மாற்றிக்கொள்கிறது. 3 முள் விசிறியை 4 முள் முனையில் மாட்டிய பிறகு அது முழு வேகத்தில் இரைந்தால், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புப் பக்கம்) அந்த முனையை மின்னழுத்தக் கட்டுப்பாட்டுக்கு மாற்றுங்கள்.

முனைகள் போதாவிட்டால் ஒய் வடிவப் பிரிப்பு வடம் ஒன்று போதும். மதர்போர்டின் விசிறி முனை பொதுவாக 1 ஆம்பியர் தாங்கும். விசிறியின் முதுகில் அச்சிட்ட ஆம்பியரைக் கூட்டிப் பார்த்து அதற்குள் நில்லுங்கள். தண்ணீர்க் கூலரின் பம்பை மட்டும் இப்படிப் பங்கிட்டுக் கொடுக்காமல் தனி முனையில் மாட்டுவது நல்லது.

தெர்மல் பேஸ்ட் எவ்வளவு வைப்பது? விலை அதிகமான பேஸ்ட் தேவையா?

சிறிய மூடிக்கு நடுவில் பட்டாணி அளவு. பெரிய மூடிக்கு அதோடு நான்கு மூலைகளிலும் சிறு புள்ளிகள். குறைவாக வைப்பது தவறு. கொஞ்சம் கூடிப்போனால் ஓரத்தில் பிதுங்குமே தவிர, மின்கடத்தாத சாதாரண பேஸ்ட்டால் தீங்கில்லை. கூலரோடு வரும் பேஸ்ட்டுக்கும் விலை உயர்ந்ததற்கும் வேறுபாடு பெரும்பாலும் ஓரிரு டிகிரிதான் என்பதால், பட்ஜெட் இறுக்கமாக இருக்கும்போது அங்கே பணத்தைப் போட வேண்டாம்.

திரவ உலோகம் என்று விற்கப்படுவதன் பக்கம் முதல் முறை பூட்டுகிறவர் போகவே வேண்டாம். காலியம் கலந்த அது மின்சாரத்தைக் கடத்தும். அலுமினியத்தின் மேல் பட்டால் அரித்துவிடும்.

கூலரை வாங்குவதற்கு முன் என்னென்ன அளவு பார்க்க வேண்டும்?

கேபினட்டின் விவரக்குறிப்பில் 'கூலரின் அதிகபட்ச உயரம்' என்று ஓர் எண் இருக்கும். கூலரின் உயரம் அதற்குள் அடங்க வேண்டும். 120 மி.மீ. விசிறிக் கோபுரங்கள் ஏறக்குறைய 155 மி.மீ. உயரமிருக்கும், நாக்டுவாவின் என்எச்-டி15 போன்ற பெரியவை 165 மி.மீ. தொடும். அடுத்தது ராம் எனப்படும் நினைவகப் பலகை. உயரமான அலங்காரத் தகடுள்ள ராமின் மேல் முன்விசிறி இடித்தால், விசிறியை மேலே நகர்த்த வேண்டிவரும், அப்போது மொத்த உயரமும் கூடிவிடும்.

பழைய கூலரைப் புதிய மதர்போர்டில் மாட்ட நினைப்பவர்கள் துளைகளின் இடைவெளியைப் பார்க்க வேண்டும். பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் வகையைப் பொறுத்து அது மாறும்: இன்டெல் எல்ஜிஏ 1200 வரை 75 மி.மீ. இருந்தது, எல்ஜிஏ 1700 இல் 78 ஆகிவிட்டது. ஆகவே தனிப் பூட்டுத்துண்டு தேவைப்படலாம். ஏஎம்டியில் ஏஎம்4 சாக்கெட்டுக்கான கூலர்கள் பெரும்பாலும் ஏஎம்5 இல் பொருந்தும். தனது சொந்தப் பின்தகட்டைக் கேட்கும் கூலர் மட்டும் பொருந்தாது, ஏனெனில் ஏஎம்5 இன் பின்தகட்டைக் கழற்ற முடியாது.

காசே செலவழிக்காமல் சூட்டைக் குறைக்க வழி உண்டா?

உண்டு, இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். பிராசசரின் கடைசிச் சில விழுக்காடு வேகத்துக்காக வாட் தாறுமாறாக எகிறுகிறது. ஏஎம்டியில் 'ஈக்கோ' முறையை இயக்கினால், மேலே சொன்ன 142 வாட் பிராசசரை 88 வாட்டுக்குள் கட்டிவைக்கலாம். இன்டெலில் பயாஸில் உள்ள மின்சக்தி வரம்புகளை நீங்களே எழுதிக்கொள்ளலாம். சில மதர்போர்டுகள் அந்த வரம்புகளைத் தாமாகவே தளர்த்தி வைத்திருக்கும் என்பதால் பூட்டியவுடன் அங்கே ஒரு பார்வை பார்ப்பது நல்லது. விளையாட்டில் பெரும்பாலும் வேறுபாடே தெரியாது; எல்லாக் கோர்களும் ஓடும் நெடிய வேலைகளில் சற்று நேரம் கூடும். அந்தச் சிறிய இழப்பை ஏற்றுக்கொண்டால், இரட்டைக் கோபுரம் தேவைப்பட்ட இடத்தில் ஒற்றைக் கோபுரமே போதும்.

விசிறி திடீர் திடீரென்று கத்துவதற்கும் மருந்து பயாஸிலேயே இருக்கிறது. வெப்பம் ஏறியவுடன் வேகம் கூடாமல் சில விநாடிகள் தாமதிக்கும்படி அமைத்தால், நான்காம் விடையில் சொன்ன துள்ளல்களை விசிறி பொருட்படுத்தாது.

புதிய கூலர் மாட்டியும் 95 டிகிரி காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

அவசரப்படாமல் வெப்பம் ஏறும் விதத்தைக் கவனியுங்கள். வேலை தொடங்கிய ஓரிரு விநாடியிலேயே உச்சத்துக்குத் தாவினால், வெப்பம் கூலருக்குள் நுழையவே இல்லை என்று பொருள். அடித்தகட்டின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் படலத்தை உரித்தீர்களா, நான்கு திருகாணிகளும் சமமாக இறுகியிருக்கின்றனவா, தண்ணீர்க் கூலர் என்றால் பம்பு ஓடுகிறதா என்று பாருங்கள். அந்தப் படலத்தை மறப்பது புதியவர்கள் மட்டும் செய்யும் பிழையல்ல. நானும் ஒரு முறை மறந்திருக்கிறேன். மாறாக, பத்து இருபது நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறினால் கேபினட்டுக்குள் சூடான காற்று தேங்குகிறது; பக்கத் தகட்டுச் சோதனைக்குத் திரும்புங்கள்.

மூன்றாவது வாய்ப்பு, எதுவுமே பழுதாகாமல் இருப்பது. ரைசன் 7000 'எக்ஸ்' வகைகள், கனமான வேலையில் மின்வரம்பு இடங்கொடுக்கும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே 95 டிகிரியைத் தொடும்படி வடிவமைக்கப்பட்டவை. நல்ல கூலர் அங்கே வெப்பத்தைக் குறைப்பதைவிட வேகத்தைக் கூட்டுவதே அதிகம். ஆகவே டிகிரியோடு, எத்தனை வாட், எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிராசசர் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது, ஆனால் விளையாடும்போது கிராபிக்ஸ் கார்டு கொதிக்கிறது. ஏன்?

விளையாட்டில் அதிக வாட் இழுப்பது பெரும்பாலும் கார்டுதான். நடுத்தரக் கார்டே 150 முதல் 250 வாட் வரை வெளியிடும். கேபினட் விசிறிகளோ வழக்கமாகப் பிராசசரின் வெப்பத்தைப் பார்த்தே வேகத்தை மாற்றிக்கொள்கின்றன. நல்ல கூலர் வாங்கியதால் பிராசசர் குளிர்ந்துவிட்டது, அதைப் பார்த்து விசிறிகள் தூங்கிவிட்டன, கார்டு தன் சூட்டிலேயே வேகிறது. பயாஸில் கேபினட் விசிறிகளுக்குக் குறைந்தபட்ச வேகத்தை உயர்த்தி வையுங்கள். அல்லது கார்டின் வெப்பத்தைப் பார்த்து விசிறியை ஓட்டும் ஃபேன் கண்ட்ரோல் போன்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துங்கள்.

கூலரைக் கழற்றியபோது பிராசசரும் சேர்ந்து வந்துவிட்டது. இனி என்ன செய்வது?

ஏஎம்4 இல் நடப்பதுதான்; அதில் பிராசசரைப் பிடித்திருப்பது ஊசிக்கால்கள் மட்டும். கத்தியை நுழைத்து நெம்பாதீர்கள். பேஸ்ட்டைச் சற்றுச் சூடாக்கி, மூடியின் ஓரங்களைப் பிடித்து மெல்லத் திருகி விடுவியுங்கள். ஊசி வளைந்திருந்தால் மெல்லிய அட்டையால் பொறுமையாக நிமிர்த்தலாம். அடுத்த முறை கணினியைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடேற்றி, அணைத்து, மின்வடத்தைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாகத் திருகிய பிறகே தூக்குங்கள். ஏஎம்5 இலும் இப்போதைய இன்டெலிலும் பிராசசரை ஒரு சட்டம் அழுத்திப் பிடித்திருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

பெரிய கூலராக வாங்கினால் அறை சூடாவது குறையுமா?

குறையாது. பிராசசர் 142 வாட் இழுத்தால், எந்தக் கூலரை மாட்டினாலும் அந்த 142 வாட்டும் உங்கள் அறைக்குத்தான் வந்து சேரும். நல்ல கூலர் அதைப் பிராசசரிடமிருந்து சுறுசுறுப்பாக அகற்றுகிறது, அவ்வளவே. 95 டிகிரி பற்றிய விடையில் சொன்னபடி, குளிர்ந்த பிராசசர் இன்னும் வேகமாக ஓட முயன்று கூடுதல் வாட் இழுக்கவும் கூடும். அறைதான் கவலை என்றால், கூலருக்கு ஒதுக்கிய பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, ஈக்கோ முறையை இயக்கிப் பாருங்கள். விளையாட்டின் காட்சி வேகத்துக்கு ஒரு வரம்பிட்டுக் கிராபிக்ஸ் கார்டின் வாட்டையும் குறையுங்கள்.